கல்லறைக்குப் போகாத கருமணல்

1

வளரும் நாடுகள் அனைத்தும் தயவுசெய்து எழுந்து நிற்கவும். (வளர்ந்த நாடுகள் உட்கார்ந்தே கேட்கலாம். அவை எப்போதும் அப்படித்தான் கேட்கின்றன.) மண்ணுக்கடியில் இருப்பது யாருக்குச் சொந்தம், அதை யார் அள்ளலாம், அள்ளுகிறவனை யார் தடுக்கலாம் என்கிற மாபெரும் கேள்வி ஒன்று உண்டு. எந்த நாடாளுமன்றமும், எந்த நீதிமன்றமும், கடன் கொடுக்கும் எந்த உலக அமைப்பும் இதுவரை தீர்க்காத அந்தக் கேள்விக்கு, தூத்துக்குடியில் ஒரு மாடி வீட்டில், கைலியும் பனியனுமாக ஒருவர் இன்று விடை எழுத உட்கார்ந்துவிட்டார். ஃபேன் ஓடுகிறது. பேனா மூடி திறந்தாயிற்று. சரித்திரம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கிறது.

உட்கார்ந்திருப்பவர் இக்கதையின் ஆசிரியர். பெயர் ஜேசுபாதம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பத்திரிகைகளில் நையாண்டிக் கட்டுரை எழுதிப் பிழைப்பவர். இந்தக் கதையில் அவர் தன்னை "நான்" என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. "நான்" என்று எழுதினால் அது வாக்குமூலம், "கதாசிரியர்" என்று எழுதினால் அது இலக்கியம் என்று ஒரு வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார்.

கதை எப்படிப் பிறந்தது என்பதை மறைப்பதற்கில்லை. 'வளரும் நாடுகளில் சுரங்கச் சட்டங்களும் கனிம ஆளுகையும்' என்று ஒரு மாநாடு. இடம், துறைமுகச் சாலையில் ஒரு நட்சத்திர ஹோட்டல். மாநாட்டு மலருக்கு ஒத்துக்கொண்டிருந்த ஒரு விளம்பரதாரர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார். அமைப்பாளர் முனைவர் பத்மஸ்ரீ போன் செய்தார்.

"சார், நடுவுல நாலு பக்கம் காலியா கெடக்கு. ஒரு சிறுகதை குடுங்க. மனிதநேயமா இருக்கட்டும். சட்டத்த விமர்சனம் பண்ணலாம், தப்பில்ல. எந்தச் சட்டம்னு மட்டும் சொல்லிறாதீங்க."

காதலில் பிறந்த இலக்கியம் உண்டு, சிறையில் பிறந்த இலக்கியம் உண்டு. இது விளம்பரம் வராத இடத்தில் பிறந்தது.

2

முதல் தொடக்கம்:

"கடல் அன்று ஏனோ—"

(கடலுக்கு அன்று ஒன்றுமில்லை. கதாசிரியருக்குத்தான் அடுத்த வரி வரவில்லை.)

இரண்டாம் தொடக்கம்:

"மன்னார் வளைகுடாவின் முத்துக்கள் ரோமாபுரி அரசியரின் கழுத்தில் தவழ்ந்த காலத்திலேயே, கடலடிச் செல்வம் யாருக்கு என்ற வழக்கு—"

(தூத்துக்குடியைப் பற்றி எழுதும் எவரும் முதல் பத்தியில் ஒரு முத்தாவது எடுத்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். முத்துக்குளிப்பு நின்று இரண்டு தலைமுறை ஆகிறது. இப்போது அது எழுத்தாளர்கள் மட்டும் செய்யும் தொழில்.)

மூன்றாம் தொடக்கம்:

"கனிமங்கள் தொடர்பான சட்டத்தின் திருத்தப்பட்ட விதிகளின்படி, மேற்படி அட்டவணையின்—"

(இது மலரின் மற்ற எல்லாப் பக்கங்களிலும் இருக்கிறது.)

நான்காம் தொடக்கத்துக்காகக் கதாசிரியர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கொழுந்தியாள் கிளாடிஸ் படியேறி வந்தாள். அவர் மனைவி ஆனியின் தங்கை. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டவள்.*

* ஊர்ப்பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறது. எழுதினால், அங்கே கருமணல் இருக்கிறது என்று யாராவது குறித்துக்கொள்வார்கள்.

3

"அத்தான், எழுதுதியளோ?"

"ஆமா."

"என்னத்த?"

"கனிம ஆளுகையப் பத்தி."

"அப்ப சரியான நேரத்துலதான் வந்திருக்கேன். அவர வண்டியோட புடிச்சிட்டாவ. ஆள விட்டுட்டாவ, வண்டிய விடல. ஒரு மனு எழுதணும்."

அவர் என்றால் அவள் புருஷன் ரோச். வண்டி என்றால் குட்டியானை. ஐஸ் பெட்டியும் மீனும் ஏற்றுகிற அந்தச் சின்ன லோடு வண்டிக்கு நாடு முழுக்க அதுதான் பெயர். அதற்கு முன்னால் ரோச், பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தவர். ஒரு தடவை எஞ்சின் நின்று தோணி நடுக்கடலில் கிடந்தது. பிழைத்து வந்தார்கள். அந்த நாட்களைப் பற்றி ரோச் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ராத்திரி விளக்கை அணைக்க மட்டும் விடமாட்டார். கிளாடிஸ் கழுத்திலும் காதிலும் இருந்ததை விற்று அந்தக் குட்டியானையை வாங்கிக் கொடுத்து, ஆளைக் கரையில் கட்டிப்போட்டாள்.

"அடுத்த வாரம் சனிக்கிழமை ஒரு தோணி கெளம்புது," என்றாள் கிளாடிஸ். "தோணி ஓட்டுற தண்டல் ஆள் கேட்டு விட்டிருக்காரு. வண்டி வந்துட்டா இவரு போவ மாட்டாரு. வரலன்னா போயிருவாரு. நான் எதுக்கு அவசரப்படுதேன்னு வெளங்குதா?"

"என்ன ஏத்தினாரு வண்டியில?"

"மண்ணு."

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் அந்த ஊரில் எல்லாக் குடும்பமும் கல்லறைகளுக்குப் புது மணல் போடும். வெள்ளை மணல் ஆகாது, காற்றில் பறந்துவிடும். கருமணல்தான் கனம்; குவித்த இடத்தில் இருக்கும், நட்ட மெழுகுதிரியும் சாயாது. முன்பெல்லாம் ஊர்க்கரையிலேயே கூடையில் அள்ளிக்கொள்வார்கள். அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டபின் கருமணல் பக்கத்து ஊர்க்கரையில் போய் ஒதுங்குகிறது. அங்கே போக வேண்டுமென்றால் மெயின் ரோடு. மெயின் ரோடு என்றால் வண்டி. இந்த வருஷம் தெருவுக்கே சேர்த்து ஒரு நடை அடிக்கிறேன் என்று ரோச் கிளம்பினார். உடன்குடிப் பக்கம் கனிமவளத் துறை ஜீப் குறுக்கே நின்றது.

"என்ன மணல்?" என்று கேட்டார் அதிகாரி.

இங்கேதான் ரோச் அந்தக் கரையில் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தார். மணல் திருட்டு என்றால் ஆற்று மணல். பேப்பரில் வருவது அதுதான், ஜெயிலுக்குப் போவதும் அதற்குத்தான். கடற்கரை மணல் வீட்டு வாசல் மாதிரி. வாசலை யாராவது திருடுவார்களா?

"ஐயா, ஆத்து மணல் இல்ல. மாதா மேல சத்தியமா இல்ல. இது கருமணல்," என்றார் ரோச்.

அதிகாரி நம்பாத மாதிரி ரோச்சுக்குத் தோன்றியிருக்கிறது. டேஷ்போர்டில் பாதத்துக் காந்தத்தால் ஒட்டி நின்ற அந்தோணியார் சொரூபத்தைப் பிடுங்கி, மணலில் அமிழ்த்தி எடுத்துக் காட்டினார். அந்தோணியாரின் பாதத்தில் கருகருவென்று தாடி முளைத்திருந்தது.

"பாத்தியளா? ஆத்து மணல் இப்படி ஒட்டுமா?"

ரோட்டில் நின்ற பத்துப் பேரும் பார்த்தார்கள். ஆற்று மணல் என்று சொல்லியிருந்தால் அபராதத்தோடு போயிருக்கும். ரோச் தன் குற்றத்தை அறிவியல்பூர்வமாக நிரூபித்து, அதை மாநிலத்திலிருந்து மத்திய அரசுக்கு மாற்றிக்கொண்டார்.

4

(இந்தப் பகுதி கட்டுரை. கதை மட்டும் போதும் என்பவர்கள் 5க்குப் போகலாம். மாநாட்டுப் பிரதிநிதிகள் எப்படியும் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள்.)

ஒரு கைப்பிடி கருமணலை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். கற்பனையில். நிஜமாக வைத்துக்கொண்டு நடந்தால் அது கனிமப் போக்குவரத்து. அந்தக் கைப்பிடியில் சாதாரண மணல் பரல் உண்டு. அது சிறுகனிமம், அதற்கு விதி எழுதுவது மாநிலம். செக்கச்செவேலென்று கார்னெட் உண்டு, கருப்பாக இல்மனைட் உண்டு. அவை மத்திய அரசின் கணக்கு. தேன்நிறத்தில் துளியூண்டு மோனசைட் உண்டு. அதற்குள் தோரியம், அதனால் அணுசக்தித் துறை. ஒரு பிடிக்குள் இத்தனை சர்க்கார். கை மட்டும் உங்களுடையது.

இது நம் ஊர் அதிசயம் இல்லை. மேலே முளைக்கிற புல் குடியானவனுக்கு, கீழே கிடக்கிற பொன் அரசனுக்கு என்று வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் எழுதி வைத்தான். விடுதலை வந்தது; கொடி மாறியது; அந்த வரி மாறவில்லை. பிற்பாடு ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கடன் கொடுக்க வந்தவர்கள், முதலீடு வருவதற்குத் தோதாகச் சுரங்கச் சட்டத்தையும் திருத்தச் சொன்னார்கள். திருத்தினார்கள். அப்படி எழுதப்பட்ட சட்டங்களில் பெரும்பாலும் இரண்டே நாற்காலி. ஒன்று குத்தகைதாரருக்கு, சாய்மானம் உண்டு, ஏசிக்கு நேராகப் போட்டிருக்கும். இன்னொன்று திருடனுக்கு, சுவரோரம். செத்தவர்களுக்காக வருஷத்துக்கு ஒரு நடை மண் அள்ளுகிறவன் உள்ளே வந்தால், அதிகாரி சுற்றிப் பார்க்கிறார். காலியாக இருப்பது எதுவோ அதில் உட்காரச் சொல்கிறார்.

(இந்தப் பத்தி நன்றாக வந்துவிட்டதாகக் கதாசிரியர் நினைக்கிறார். ஆனியைக் கூப்பிட்டு ஒரு தடவை வாசித்தும் காட்டினார். "மனு எழுதிட்டியளா?" என்று கேட்டாள் ஆனி.)

5

ஒரு கதைக்கு வில்லன் வேண்டும். வண்டியைப் பிடித்த அதிகாரி பிரத்யும்னனைக் கதாசிரியர் அதற்காகவே நியமித்திருந்தார். முதல் வரைவில் அவருக்கு அடர்ந்த மீசையும், விரலில் கல் மோதிரமும், மேஜைக்கடியில் நீளும் ஒரு கையும் கொடுத்திருந்தது.

மறுநாள் கிளாடிஸோடும் ரோச்சோடும் நேரில் போய்ப் பார்த்ததில் எல்லாம் பாழ். பிரத்யும்னன் ஆழ்வார்திருநகரிக்காரர். மீசையே கிடையாது. நெற்றியில் மெல்லிய திருமண் கோடு, டிபன் டப்பாவில் தயிர்சாதம், அதோடு சளி. சளிக்குக் காரணம், பறிமுதலான குட்டியானையை நிறுத்த இடமில்லாமல் அலுவலக டூவீலர் ஷெட்டில் நிறுத்தியிருந்தது. அதனால் அவர் ஸ்கூட்டர் மழையில் நின்றது. ஈர சீட்டில் உட்கார்ந்துதான் தினமும் வீட்டுக்குப் போகிறார்.

"சார், இந்த வண்டி போகணும்னு இவங்கள விட அதிகமா ஆசைப்படறவன் நான்," என்றார். "ஆத்து மணல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேன். இவர் அந்தோணியார வச்சு டெமோ காட்டிட்டார். நான் பாக்கலைன்னு எப்படி எழுதறது? சாம்பிள் ஆய்வுக்குப் போயிருக்கு. அது என்ன கனிமம்னு ரிப்போர்ட் வந்தாத்தான், இது யாரோட கேஸ்னே தெரியும்."

"எப்ப வரும்?"

"வரும்," என்றார் பிரத்யும்னன், காலத்தைக் குறிப்பிடாமல்.

ஷெட்டில் ரோச் தன் வண்டியின் கண்ணாடியைக் கைலி முனையால் துடைத்துக்கொண்டிருந்தார். காவலாளி அதட்டினார்: "ஏலே, தொடாத. சாட்சிப் பொருளு."

"தூசியும் சாட்சியா அண்ணாச்சி?" என்றார் ரோச். பின்தட்டில் மணல் அப்படியே இருந்தது. அதுவும் சாட்சி என்பதால் இறக்க விடவில்லை. பாரத்தில் வண்டி பின்பக்கம் குனிந்து நின்றது.

பிரத்யும்னன் மூக்கைத் துடைத்துக்கொண்டு வழி சொன்னார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். கல்லறைச் சடங்குக்காக எடுத்த மணல், வியாபாரம் இல்லை, ரிப்போர்ட் வரும்வரை வண்டியை மட்டும் பிணையில் விட வேண்டும் என்று ஒரு மனு. அங்கிருந்து குறிப்பு வந்தால் அன்று சாயந்திரமே அவிழ்த்துவிடலாம்.

"யாராவது எழுதத் தெரிஞ்சவங்கள வச்சு எழுதுங்கோ," என்றார்.

மூவரும் கதாசிரியரைப் பார்த்தார்கள். அவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

(இப்போது வில்லன் இல்லை. கதையிலும் இரண்டே நாற்காலிதான், நாயகன் ஒன்று, வில்லன் ஒன்று. பிரத்யும்னன் இரண்டிலும் உட்காராமல் கைக்குட்டையோடு நிற்கிறார். சட்டத்தைக் குறை சொன்ன வாயால் கதாசிரியர் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.)

6

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். அந்த ஊரில் வெள்ளை மணலைப் போட்டுச் சமாளித்தார்கள் என்றும், சாமியார் கல்லறைகளை மந்திரிக்கும்போதே மெழுகுதிரிகள் சாய்ந்தன என்றும் கிளாடிஸ் போனில் சொன்னாள். கதாசிரியர் அப்போது மனு எழுதிக்கொண்டிருந்தார்.

மனு நான்கு பக்கம் வந்தது. "மதிப்பிற்குரிய ஐயா" என்பதற்கு அடுத்த வரியே, "ஒரு கைப்பிடி கருமணலை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தது. இரண்டாம் பக்கத்தில் புல்லும் பொன்னும் வந்தன. மூன்றாம் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளும் வந்து உட்கார்ந்தன. நான்காம் பக்கத்தில் ஆப்பிரிக்கா. கடைசி வரியில், செத்தவர்களிடம் போக்குவரத்து அனுமதிச் சீட்டு கேட்கும் முதல் நாகரிகம் நாம்தான் என்று ஒரு குத்து. கீழே கிளாடிஸின் கையெழுத்து. அவள் படித்துப் பார்க்கவில்லை. அத்தான் எழுதியதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வரிசையில் நின்று கொடுத்தார்கள். மனுவை வாங்கிப் பதிகிற மேஜையில் ஒரு பெண் இருந்தார், பெயர் விஜிலா. வாசித்தார். சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் சிரித்தார். அன்று கூட்டத்துக்கு வந்திருந்த பிரத்யும்னன் எட்டிப் பார்த்து, தும்மலுக்கு நடுவே ரசித்தார்.

"பிரமாதம் சார். ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கட்டுமா?"

தம் எழுத்து வாழ்க்கையில் அரசாங்கம் இவ்வளவு தூரம் சிரித்துக் கதாசிரியர் பார்த்ததில்லை. சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். கிளாடிஸ் எல்லார் முகத்தையும் பார்த்தாள். சிரிக்கிறார்கள், அப்படியென்றால் நல்லதுதான் என்று அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

சாயந்திரம் வரை தகவல் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. வாசித்துவிட்டு, மாடிக்கு வந்து அத்தானிடம் நீட்டினாள்.

"தங்கள் ஆலோசனை பதிவு செய்யப்பட்டது. நன்றி."

கதாசிரியர் பிரத்யும்னனுக்குப் போன் போட்டார்.

"நானும் அப்புறம்தான் சார் கவனிச்சேன்," என்றார் பிரத்யும்னன். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "நாலு பக்கத்துலயும் வண்டிய விடுங்கன்னு ஒரு எடத்துலயும் கேக்கலையே நீங்க. வண்டி நம்பர் கூட இல்ல. கம்ப்யூட்டர்ல கோரிக்கை, புகார், ஆலோசனைன்னு மூணுதான் இருக்கு. அந்தம்மா எதுல போடுவாங்க?"

"அத மாத்த முடியாதா?"

"பதிஞ்சது பதிஞ்சதுதான். அடுத்த திங்கட்கிழமை புதுசா ஒண்ணு குடுங்கோ. சின்னதா."

சனிக்கிழமைக்குப் பிறகு வருகிற திங்கட்கிழமை. கிளாடிஸ் விரல் விட்டுக்கூட எண்ணவில்லை.

"அத்தான்."

"சொல்லு."

"ஆப்பிரிக்கா வரைக்கும் போயிட்டு வந்தியளே. போற வழியில 'வண்டியத் தாங்க'ன்னு ஒரு வரி போடக் கூடாதா?"

"அது உட்பொருளா இருக்கு, கிளாடிஸ்."

"வெளிப்பொருளா இருந்திருந்தா வண்டி வந்திருக்கும்."

"ஏளா, விடு," என்றாள் ஆனி அடுக்களையிலிருந்து. "அவிய கல்யாணத்துக்குக் கேக்க வந்தப்பவும் இப்படித்தான். ஒலகத்துல உள்ளதெல்லாம் பேசிட்டு, பொண்ணு வேணும்னு சொல்லாமலே எந்திரிச்சிப் போயிட்டாவ. மறுநா அவிய அம்மா வந்துதான் கேட்டாவ."

கிளாடிஸ் சிரிக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

(இந்த இடத்தில் முதல் வரைவில், "அவள் கண்களில் கடல் திரண்டது" என்று எழுதியிருந்தது. ஆனி பார்த்துவிட்டு, "எந்தங்கச்சி அழல. கதைக்காவ அவள அழ வைக்காதிய" என்றாள். அடித்தாயிற்று.)

7

கதை முடிய வேண்டும். மலர் அடுத்த வாரம் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று முடிவுகள் கைவசம் உண்டு.

(அ) ஆளுகை முடிவு. ஆய்வறிக்கை வருகிறது. மணலில் கனிமம் சொல்லும்படி இல்லை. வண்டி விடுவிக்கப்படுகிறது. சடங்குகளுக்கு எடுக்கும் மணலுக்கு விலக்கு அளித்து ஒரு சுற்றறிக்கை பறக்கிறது. பிரத்யும்னனின் ஸ்கூட்டர் ஷெட்டுக்குத் திரும்புகிறது. முனைவர் பத்மஸ்ரீக்கு இது ரொம்பப் பிடித்தது. "நம்பிக்கையோட முடியுது சார். எந்தச் சட்டம்னும் வரல." கதாசிரியருக்குத்தான், சொந்தக் கதையில் தானே லஞ்சம் வாங்கியது போலிருந்தது.

(ஆ) எழுச்சி முடிவு. ஊர்ப் பெண்கள் கூடையோடு பஸ் ஏறி வந்து, ஷெட்டில் நிற்கும் வண்டியிலிருந்து மணலை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு, மெயின் ரோட்டோடு கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கிறார்கள். ஜீப்புகள் ஒதுங்கி வழிவிடுகின்றன. இதை எழுதும்போது கதாசிரியருக்கே புல்லரித்தது. கிளாடிஸுக்குப் போனில் வாசித்துக் காட்டினார்.

"முன்னால யாரு நடக்கா?"

"நீதான்."

"பேரு போட்டிருக்கியளா?"

"போட்டிருக்கு."

"கேசும் எம்பேர்லதான் வரும். எடுத்துருங்க அத்தான்."

(இ) மாய முடிவு. மழை பெய்கிறது. வண்டியின் தகர இடுக்கு வழியே மணல் துளித்துளியாக ஒழுகி, ஷெட்டைத் தாண்டி, ஓடையில் இறங்கி, கடலுக்கே போய்விடுகிறது. யாரும் அள்ளவில்லை, யாரும் ஏற்றவில்லை. மணல் தானாக நடந்துபோனால் அதற்குப் பிரிவு கிடையாது. சட்டம் வாயடைத்து நிற்கிறது. இது கலை என்று கதாசிரியர் உறுதியாக நம்பினார். ஆனி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"வண்டி?"

"வண்டி அங்கனதான் நிக்கும்."

"அப்ப அதுல என்ன மாயம் இருக்கு?"

இதற்கிடையில் இரண்டாவது மனுவும் தயார். மூன்றே வரி. வண்டி நம்பர், காரணம், "வண்டியை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்". கதாசிரியரின் எழுத்திலேயே மிகச் சுமாரானது அதுதான். உவமை இல்லை, குத்து இல்லை, ஆப்பிரிக்கா இல்லை. கிளாடிஸ் இந்தத் தடவை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். மடித்துப் பையில் வைத்திருக்கிறாள், திங்கட்கிழமைக்கு.

ஆகவே, வாசகரே, முடிவு உங்கள் கையில். மேலே உள்ள மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மூன்றையும் ஒதுக்கிவிட்டு நான்காவதாக ஒன்றை நீங்களே செய்துகொள்ளலாம். அதற்கு அனுமதி வேண்டாம், குத்தகை வேண்டாம், எந்தச் சர்க்காரும் குறுக்கே வராது. வளரும் நாடுகளில் இன்றைக்கும் குடிமகன் தடையின்றி அள்ளக்கூடிய ஒரே வளம் கதையின் முடிவுதான் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டு, கனத்த நெஞ்சோடும், நிறைந்த—

தோணி சனிக்கிழமை கிளம்பியது. ரோச் அதில் இருக்கிறார்.